எதிர்வீட்டில் ஒரு நீலப் பெட்டி

வியாழக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு நீலாம்பாள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை நீலாம்பாள். அவளுக்கு எதிர்வீட்டுக்காரரும் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களின் சமூகத்துக்குக் காரியதரிசியுமான லக்ஷ்மிநாராயணன். வாசற்படியில் கூடையை இறக்கி வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த காய்கறிக்காரி மூக்கம்மாள். தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் பதினைந்து பேராவது தேறுவார்கள். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

நாலாவதாக ஒரு பெட்டி இருந்தது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

நீல நிறப் பெட்டி. மரப்பலகையின்மேல், மஞ்சளும் குங்குமமும் வைத்து, உச்சியில் ஒரு தேங்காயோடு மேற்கே பார்த்து நின்றது. லக்ஷ்மிநாராயணனுக்கு அதைத் தெரியும். போன ஓணத்துக்கு அவரே வாங்கியது. இடது சக்கரம் உருட்டினால் கத்தும்.

"ஞாயித்துக்கிழமை மேற்கே சூலம். பிளேனோ அன்னைக்குத்தான். அதாக்கும் நேத்தே பரஸ்தானம் வச்சாச்சு," என்றாள் நீலாம்பாள். "எல்லாம் முறைப்படி இருக்கான்னு நீ பாத்துச் சொல்லு, நாராயணா. உன்னைவிட்டா இந்தத் தெருவிலே யாருக்குத் தெரியும்."

பரஸ்தானம் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். புறப்படும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பெட்டியை மட்டும் போகும் திசையிலுள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பெட்டி கிளம்பினால் ஆள் கிளம்பிய மாதிரி. அதற்கப்புறம் அந்தப் பெட்டி சொந்த வீட்டுப் படியைத் திரும்ப ஏறக்கூடாது. ஏறினால் யாத்திரை முறிந்தது.

லக்ஷ்மிநாராயணன் பெட்டியைப் பார்த்தார். தன் வீட்டிலிருந்து யாரோ கடல் கடக்கிறார்கள். அது தனக்குத் தெரியாது. ஆனாலும் தேங்காயின் குடுமி தப்பான பக்கம் இருந்ததை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. திருப்பி வைத்தார்.

"ஏழு மாசம்," என்றாள் நீலாம்பாள். "ஓமான்லே தொடக்கம். பின்னே எகிப்து, துருக்கி, இத்தாலி. கடைசியா போர்ச்சுகல். ஒத்தைக்கு. டிகிரி கையிலே வந்த உடனே இப்படி ஒரு தீர்மானம் எடுக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும், சொல்லு. ஆத்திலே உன்கிட்டே பறஞ்சாச்சுதானே?"

"எனக்குத் தெரியாம எங்காத்துப் பெட்டி தெருவைத் தாண்டுமா?" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

அவர் நீலாம்பாளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கேட்க முடியாது. அந்தக் குடும்பத்தில் புறப்பட்டவரைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை. எங்கே என்றோ, எதற்கு என்றோ ஒரு வார்த்தை வரக்கூடாது. யாராவது வெளியார் கேட்டுத் தொலைத்தால் போகிறவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். லக்ஷ்மிநாராயணனின் அப்பா ஒருமுறை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பி ஒன்பது நாள் கழித்து வந்தார். எங்கே போனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. குடும்பத்தின் கட்டுப்பாடு அப்படிப்பட்டது.

மகனும் அப்பாவுக்குக் குறைந்தவரில்லை. மகள் ஸாதனா தேவரா கல்லூரியில் பி.ஏ. சரித்திரம் முடிக்கும்வரை மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டவரில்லை. மனைவி கங்கா ஞாயிற்றுக்கிழமை தோறும் துணிப்பையுடன் போவது நாராயணீயம் வகுப்புக்கு என்பதையும் அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பையின் கனத்தைப் பார்த்து ஊகித்ததுதான்.

டிகிரி முடித்தவள் ஸாதனா. எனவே போகிறவள் ஸாதனா. இதற்குக் கேள்வி வேறு வேண்டுமா?

ஆனால் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சமூகத் தலைவர் வெங்கிடராமனின் தங்கை மகள் ஸ்நேஹா, படிப்பை முடித்ததும் ஒரு மாதம் தாய்லாந்தைச் சுற்றிவிட்டு வந்தாள். அந்த வருஷப் பொதுக்குழுவில் லக்ஷ்மிநாராயணன் எழுந்து நின்று, "காரியமில்லாமல் கடல் கடக்கிறவர்கள் நம் சமூகத்தில் இருந்ததில்லை. இனியும் இருக்கக்கூடாது," என்று சொன்னார். அது நடவடிக்கைப் புத்தகத்தில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. ஒரு மாதத்துக்கே அப்படிச் சொன்னவர் வீட்டில் இப்போது ஏழு மாதம்.

வெங்கிடராமன் மறக்கிற ஆளில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அடுக்களையில் கங்கா மகளுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தக்காளியைக் கையாலே பிசையணும். மிக்ஸியிலே போடாதே."

"அம்மா, இதெல்லாம் யூட்யூப்லே உண்டு."

"யூட்யூப் பாத்து வச்சா யூட்யூபுக்குத்தான் பிடிக்கும். பெருங்காயம் எப்போ போடணும், சொல்லு."

லக்ஷ்மிநாராயணன் வாசலிலேயே நின்றார். இருபத்திரண்டு வருஷமாக அடுப்படிப் பக்கம் வராத பெண்ணுக்கு இப்போது எதற்கு ரசம்? அயல்நாட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடத்தான். தாயும் உடந்தை. கல்யாணத்துக்காகத் தன் படிப்பை ஒரு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவள் கங்கா. மகள் நினைத்தது நடக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். செருப்பு அலமாரியில் புதிதாக ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ வேறு. தாய்க்கும் மகளுக்கும் ஒரே அளவுக் கால். அளவு பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

கங்கா அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன்னா, உங்ககிட்டே ஒரு விஷயம் பறையணும். மூணு மாசமா நானும்..."

"பரஸ்தானத்தைப் பாத்தாச்சு."

கங்காவின் முகம் வெளுத்தது. "பாத்தேளா?"

"பாத்தேன். தேங்காய்க் குடுமி கிழக்கே இருந்தது. திருப்பி வச்சேன்."

"திருப்பி வச்சேளா," என்றாள் கங்கா மெதுவாக. "அப்போ... உங்களுக்கு ஒண்ணும் கேக்க வேண்டாமா?"

"புறப்பட்டவாளைக் கேக்கற வழக்கம் இந்த ஆத்திலே கிடையாது."

கங்கா புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். ஸாதனா கரண்டியோடு ஓடிவந்து அவர் தோளில் முகத்தை வைத்தாள். "அப்பா, அடிபொளி, பிரமாதம். நாங்க ரெண்டு பேரும் எத்தனை பயந்தோம் தெரியுமா?"

அவர் சம்மதித்துவிட்டதாக வீடு முடிவு செய்துவிட்டது. சம்மதிக்கவில்லை என்று சொன்னால், தெரியாமலே தெரியும் என்று சொன்னது வெளிவரும். லக்ஷ்மிநாராயணன் போய் ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

கண்ணியமான வழி ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெட்டி இந்த வீட்டுப் படியைத் திரும்ப ஏற வேண்டும். யாத்திரை தானாக முறியும். யாரும் யாரையும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நீலாம்பாள் கோயிலுக்குப் போவாள். திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். அவள் வீட்டுச் சாவியில் ஒன்று எப்போதும் லக்ஷ்மிநாராயணன் வீட்டு ஆணியில் தொங்கும். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். கதவைத் திறந்தார். தேங்காயை மரியாதையாகப் பலகைமேல் இறக்கினார். சக்கரம் கத்தும் என்பதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அறுபத்திரண்டு வயதில், பத்தொன்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு, முதுகு வளையாமல் அவர் வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் பாராட்டியிருக்க வேண்டும்.

பார்த்தவள் மூக்கம்மாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் இந்தத் தெருவின் கட்டுப்பாடு எதுவும் அவளிடம் ஒட்டவில்லை.

"என்ன சாமி, காலங்காத்தால பொட்டியத் தூக்கிட்டு எங்க போறீய?"

லக்ஷ்மிநாராயணன் அப்படியே நின்றார். பெட்டியோடு திரும்பி உள்ளே போனார். நீலாம்பாளின் நாற்காலியில் உட்கார்ந்தார். பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு மறுபடி வெளியே வந்தார்.

ஓர் ஆட்டோ வந்து நின்றது. "சேட்டா, எங்கோட்டா?"

ஆட்டோக்காரனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் தொழிலே அந்தக் கேள்விதான். லக்ஷ்மிநாராயணன் திரும்பி உள்ளே போனார். இரண்டாவது தம்ளர்.

மூன்றாவது முறை வெளியே வந்தபோது ஸ்கூட்டரில் வெங்கிடராமன் நின்றிருந்தார். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு பெட்டியைப் பார்த்தார்.

"ஓய், கோவிச்சுண்டு ஆத்தைவிட்டுப் போறீரா? எங்கே?"

மூன்றாவது தம்ளர்.

நாலாவது முறை தெருவில் ஒன்பது பேர் இருந்தார்கள். முதலில் அவர் வீட்டைவிட்டுப் போகிறார் என்று பேச்சு. அப்புறம், இல்லை, நீலாம்பாள் வீட்டில் ஒளித்துவைத்திருந்த பெட்டியாம் என்று பேச்சு. வெங்கிடராமனின் வாய் திறப்பதைப் பார்த்து லக்ஷ்மிநாராயணன் முந்திக்கொண்டார். வயிற்றில் இனித் தண்ணீருக்கு இடமில்லை.

"எடை பாக்கப் போறேன். பிளேன்லே ஒரு கணக்குக்குமேலே ஏத்த மாட்டா."

"பிளேனா? யாருக்கு?"

"எங்காத்திலேர்ந்து. மேல்படிப்புக்கு."

அவர் வாயிலிருந்து பொய் வந்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். பழக்கமில்லாததால் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. ஒன்பது பேருக்கும் கேட்டது.

வெங்கிடராமன் விடுவாரா? "எடை பாக்கணும்னா மிளகு கொடவுனுக்குத்தானே. ஏறும் ஓய்," என்று பெட்டியை வாங்கி ஸ்கூட்டரின் முன்னால் வைத்தார். லக்ஷ்மிநாராயணன் முப்பத்தெட்டு வருஷம் மிளகின் தரம் பார்த்த கிடங்கு அது. ஒரு பிடி மிளகைக் கையில் எடுத்தால் எந்த மலை, எந்த மாதம் பறித்தது என்று சொல்வார். அந்தப் பேச்சை மறுத்து யாரும் சாக்கைப் பிரித்ததில்லை. அவரைப் பார்த்ததும் சுமை தூக்குகிறவர்கள் எழுந்து நின்றார்கள். பெட்டியைச் சாக்குத் தராசில் ஏற்றினார்கள். பத்தொன்பது கிலோ, அறுநூறு கிராம்.

"அது சரி ஓய்," என்றார் வெங்கிடராமன். "மேல்படிப்பு எங்கே?"

மறுபடியும் அந்தக் கேள்வி. லக்ஷ்மிநாராயணன் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். யாரோ கொண்டுவந்தார்கள். மெதுவாகக் குடித்தார். எதிரே கப்பலுக்குப் போகும் சாக்குகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின்மேலும் கறுப்பு மையில் துறைமுகத்தின் பெயர் அச்சிட்டிருந்தது.

"ஹாம்பர்க்," என்றார்.

வெங்கிடராமன் கண்ணாடியைக் கழற்றினார். "ஜெர்மனியா. என் பையனுக்கே கனடாதான் கிடைச்சது." ஒரு நிமிஷம் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். உடனே தேறினார். "நம்ம சமூகத்துக்கே பெருமையாக்கும். ஞாயித்துக்கிழமை காலையிலே மடத்திலே பாராட்டி ஒரு அனுமோதனம் வச்சுடலாம். பொன்னாடை, பாயசம், எல்லாம் என் பொறுப்பு."

"அதெல்லாம் எதுக்கு..."

"நீர் பேசப்படாது. சமூகத்தின் காரியம்."

இப்போது லக்ஷ்மிநாராயணனின் நிலைமை தலைகீழாகிவிட்டது. நேற்றுவரை அந்தப் பயணம் நின்றால் மானம் பிழைக்கும். இன்றைக்கு அது நின்றால் மானம் போகும். அவரே பெட்டியை ஆட்டோவில் ஏற்றி நீலாம்பாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே வைத்து, தேங்காயை உச்சியில் ஏற்றி, குடுமியை மேற்கே திருப்பும்போது வாசலில் நிழல் விழுந்தது.

நீலாம்பாள் பிரசாதத்தோடு நின்றிருந்தாள்.

"எடை பாத்துண்டு வந்தியா, நாராயணா? மூக்கம்மாள் சொன்னா," என்றாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பது வருஷம் வகுப்பறையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். "எத்தனையோ புருஷாளைப் பாத்திருக்கேன். தானே பெட்டியைச் சுமந்துண்டு போய் எடை பாத்து அனுப்பிவைக்கற மனசு யாருக்கு வரும்?"

பெட்டியைத் திருடப் போனவர் இந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்தார். அது அடக்கம் என்று அவள் நினைத்தாள்.

சனிக்கிழமை காலை சமூக மடத்து வாசலில் தட்டி கட்டியாயிற்று. இளையவர்களுக்குத் தமிழ் படிக்க வராது என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. ஹாம்பர்க் செல்லும் நம் மாணவிக்கு அனுமோதனம். மாணவியின் பெயர் இல்லை. அதற்கான இடத்தைத் தலைவர் வெங்கிடராமனின் பெயரும் படமும் எடுத்துக்கொண்டுவிட்டன.

கங்காவும் ஸாதனாவும் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். லக்ஷ்மிநாராயணன் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"அனுமோதனமே ஏற்பாடு பண்ணியிருக்கார்," என்று அடுக்களையில் கங்கா சொல்வது கேட்டது. "ஆனா ஹாம்பர்க் நம்ம லிஸ்ட்லே இல்லையே?"

"சாரமில்லை அம்மா, போகட்டும். அப்பாவுக்கு ஆசை போலிருக்கு. இத்தாலிலேர்ந்து ரயில்லே போயிடலாம். பதினஞ்சு நாள் கூட்டிக்கலாம். அவ்வளவுதானே?"

ஏழு மாதம் ஏழரை மாதமாயிற்று. லக்ஷ்மிநாராயணன் பத்திரிகையின் அதே பக்கத்தை மறுபடி படித்தார்.

மேஜையில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நாடாவோடு ஓர் அட்டை கிடந்தது. ஸாதனாவின் படம் ஒட்டியிருந்தது. விமானத்துக்கு இப்போதெல்லாம் இப்படித்தான் போலும் என்று எண்ணினார். அதன் பக்கத்தில் நாலு தாள்கள். கணினியில் அடித்த பயணத் திட்டம்.

"படிச்சுப் பாருங்கோ அப்பா," என்றாள் ஸாதனா போகிற போக்கில். "உங்களுக்காகத்தான் அங்கே வச்சிருக்கு."

கேட்கக் கூடாதே தவிர, படிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு எதுவுமில்லை. சாயா ஆறும்வரை படித்தார்.

மஸ்கட். இங்கே நம் மிளகு முதலில் இறங்கியது. அலெக்ஸாண்ட்ரியா. இங்கே கை மாறியது. வெனிஸ். இங்கே நம் மிளகின் விலை நமக்குத் தெரியாமல் ஏறியது. லிஸ்பன். இங்கிருந்து நம்மைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். ஒவ்வோர் ஊருக்கும் நாலு வரி. கடைசித் தாளின் அடியில் இப்படி இருந்தது: அவர்கள் இங்கே வந்த கதையைப் படித்துப் பரீட்சை எழுதியாயிற்று. இந்தத் தெருவிலிருந்து ஒருத்தர் அங்கே போய்ப் பார்த்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் போகத் தீர்மானித்தேன்.

லக்ஷ்மிநாராயணன் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாயாவில் ஆடை படர்ந்திருந்தது. அவர் அதைக் குடிக்கவில்லை.

முப்பத்தெட்டு வருஷம். எத்தனை சாக்கு அவர் கையைத் தாண்டிப் போயிருக்கும்? ஒன்றைக்கூட அவர் எங்கே என்று கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மடம் நிறைந்திருந்தது. பாயசத்தின் மணம் வந்துகொண்டிருந்தது. முதல் வரிசையில் நீலாம்பாள், கங்கா, ஸாதனா. மாலையும் உதிரிப்பூவும் கொண்டுவந்த மூக்கம்மாள் கதவருகே கூடையோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் அந்த ஆட்டோக்காரன். விமான நிலையத்துக்குச் சவாரி அவனுக்குத்தான் பேசியிருந்தது.

வெங்கிடராமன் இருபது நிமிஷம் தன் மகனைப் பற்றிப் பேசினார். பிறகு, "இப்போ நம்ம காரியதரிசி பேசுவார்," என்று மைக்கை நீட்டினார். நீட்டும்போதே, "ஹாம்பர்க்லே எந்த யூனிவர்சிட்டி, எந்த கோர்ஸ், அதெல்லாம் விஸ்தாரமா பறையணும்," என்று சிரித்தார். அவர் இணையத்தில் எதையோ தேடிவிட்டு வந்திருக்கிறார் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

லக்ஷ்மிநாராயணன் எழுந்தார். மேல்துண்டைச் சரிசெய்தார். முதுகை நிமிர்த்தினார். ஒரு பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கிடங்கில் இன்னும் எத்தனையோ சாக்குகள் இருந்தன.

"ஹாம்பர்க்லே ஒரு யூனிவர்சிட்டியும் இல்லை," என்றார். "அதாவது, இருக்கும். எங்காத்துக்காரா யாரும் அதிலே சேரலை. அது மிளகுச் சாக்கிலே எழுதியிருந்த பேர். நான் பாத்துப் படிச்சேன். பொய் சொன்னேன்."

மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்துக்கொண்டார்.

"மேல்படிப்பும் இல்லை. படிப்பு முடிஞ்சாச்சு. இது வெறும் யாத்திரை. காரியமில்லாம கடல் கடக்கறவா நம்ம சமூகத்திலே இருக்கப்படாதுன்னு இதே இடத்திலே நின்னு பறஞ்சவன் நான். வெங்கிடராமன் ஞாபகப்படுத்தறதுக்கு முன்னாடி நானே ஞாபகப்படுத்திடறேன். அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கறேன். ஸ்நேஹாகிட்டேயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

வெங்கிடராமனின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. பின்வரிசையில் ஸ்நேஹா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

லக்ஷ்மிநாராயணன் சட்டைப்பையிலிருந்து அந்த நாலு தாள்களை எடுத்தார்.

"நான் முப்பத்தெட்டு வருஷம் மிளகு பாத்தவன். என் கையைத் தாண்டின சாக்கு எங்கே போறதுன்னு ஒருநாள் கேட்டதில்லை. எங்காத்திலேயே ஒருத்தர் அதைக் கேட்டிருக்கா. கேட்டதோட நிக்கலை. புத்தகம் படிச்சு, பரீட்சை எழுதி, ஜெயிச்சு, இப்போ ஒத்தைக்குப் போய்ப் பாக்கப் போறா. ஒவ்வொரு ஊருக்கும் என்ன எழுதியிருக்கான்னு வாசிச்சா நீங்க எல்லாரும் பாயசத்தை மறந்துடுவேள். இந்தப் புத்தி எங்க குடும்பத்திலே எங்கேயிருந்து வந்ததுன்னு நேத்திலேர்ந்து யோசிக்கறேன். என்கிட்டேயிருந்து வரலை. அது மட்டும் நிச்சயம்."

முதலில் கைதட்டியவர் யார் என்று தெரியாது. வெங்கிடராமன் இல்லை. ஆனால் நாலாவதாக அவரும் தட்டினார். நீலாம்பாள் மூக்கைச் சிந்தினாள். கங்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பெட்டியைத் திருப்பி எடுத்துண்டு வந்து யாத்திரையை முறிக்கணும்னு வெள்ளிக்கிழமை நினைச்சேன். அதையும் சொல்லிடறேன். எடை பாக்கறதுக்கு எடுக்கலை," என்று முடித்துவிட்டு, லக்ஷ்மிநாராயணன் பொன்னாடையைப் பிரித்துக் கையில் ஏந்திக்கொண்டு முதல் வரிசையைப் பார்த்தார். "வாம்மா. வந்து வாங்கிக்கோ."

ஸாதனா எழுந்திருக்கவில்லை. கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தவள் கங்கா. மாம்பழ நிறப் பட்டுப்புடவையை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி, புத்தம்புது வெள்ளைக் கான்வாஸ் ஷூவில் மேடையை நோக்கி நடந்தாள்.

"நீ இரு கங்கா, அவ வரட்டும்," என்று லக்ஷ்மிநாராயணன் மைக்கிலேயே அன்பாகச் சொன்னார்.

அதற்குள் பேச்சு வரிசை வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. லக்ஷ்மிநாராயணன் ஒரே மகளைத் தனியாக ஏழரை மாசம் உலகம் சுற்ற அனுப்புகிறாராம். கதவருகே அது வந்து சேர்ந்தபோது ஆட்டோக்காரன் மூக்கம்மாளிடம் குனிந்து, "சேச்சி, அந்த மோள் ஒத்தைக்கா போறது?" என்றான்.

மூக்கம்மாள் கூடையிலிருந்து பூவை அள்ளிக்கொண்டே சொன்னாள்: "மவ எங்கயும் போகல. அந்தப் புள்ளைக்கு நாளையிலேருந்து காக்கநாட்டுல வேலை. மூணு வருசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கிளாசுக்குப் போயி பாஸ் பண்ணதும் அம்மாதான், இன்னைக்கு பிளேன் ஏறுறதும் அம்மாதான். எங்க போறீயன்னு கேட்டேன், சொன்னாவ."